எஞ்சி நிற்போரில் எவர்?

தேர்தற் காலம் வந்துவிட்டால் நம்மவர் நாவில் தவறாது பிறக்கும் சொல் ஒன்று உண்டு. "இவரும் வேண்டாம், அவரும் வேண்டாம், நல்லவர் எவருமே நிற்கவில்லையே!" என்பதே அச்சொல். தோட்டத்து லயத்து வாசலிலும் அதைக் கேட்கலாம். பட்டணத்துத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். சொல்பவர் ஒரு பெருமூச்சு விடுவார். கேட்பவர் தலையை அசைப்பார். அத்துடன் தத்தம் கடமை தீர்ந்ததென்று இருவரும் வீடு போய்ச் சேருவர். கடமை அவ்வாறு தீர்ந்துவிடுமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நாம் மனமார விரும்பிய அபேட்சகர் களத்தை விட்டு அகன்றுவிட்டார். அல்லது களத்துக்கே வரவில்லை. எஞ்சி நிற்போர் இருவர் அல்லது மூவர். அவர்களுள் எவரும் நம் மனத்துக்கு முழுதும் உகந்தவர் அல்லர். இந்நிலையில் ஒருவரைத் தேர்வது அறமா? எவரையும் தேராது ஒதுங்கி நிற்பது அறமா? தேர்வதாயின் எந்த அளவுகோலைக் கொண்டு தேர்வது? இக்கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள், அக்கட்சிக்குப் போடாதீர்கள் என்று கூற நாம் இங்கு வரவில்லை. ஓட்டுப் போடுமுன் மனத்துக்குள் நிகழ வேண்டிய விசாரணையைப் பற்றியே பேசுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டவெளிச்சமாக எழுகின்றது. அங்கே ஜனாதிபதி பதவிக்குக் கட்சியின் சார்பில் நிற்கத் தக்கவர் யார் என்பதை முடிவு செய்ய, முதலில் மாகாணம் மாகாணமாகப் பூர்வாங்கத் தேர்தல் நடைபெறும். 2020-ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சியில் இருபதுக்கு மேற்பட்டோர் போட்டியில் இறங்கினர். ஒருவர்பின் ஒருவராய் விலக, மார்ச்சு மாதத்தில் போட்டி பைடன், சாண்டர்ஸ் என்னும் இருவருக்கிடையே என்றாயிற்று. ஏப்ரல் 8-ந் தேதி சாண்டர்ஸும் விலகினார். விலகிய ஒவ்வொருவரையும் நம்பியிருந்த மக்கள், "இனி எஞ்சியோரில் எவர்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வுரிமையும் அம்மக்களுக்கு எளிதில் வந்ததன்று. 1968-இல் ஹம்ப்ரி என்பவர் ஒரு பூர்வாங்கத் தேர்தலிலும் போட்டியிடாமலே, சிகாகோ மகாநாட்டில் அபேட்சகராக்கப்பட்டார். அதனால் மூண்ட மனக்கொதிப்பே விதிகளை மாற்றிற்று. 1972 முதல் பூர்வாங்கத் தேர்தல்களே தீர்ப்பளிப்பவை ஆயின.

நிற்க. கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் அத்தகைய தேர்தலுக்குச் சட்டம் இல்லை. ஆயினும் அதன் வேலையைச் செய்வது கட்சிக்குள் நடக்கும் தேர்தலே. 1946-ஆம் ஆண்டு மே மாதம் நம் ஜொகூர் பாருவில் பிறந்த அம்னோ கட்சிக்கு எவர் தலைவரோ, அவரே நாட்டின் பிரதம மந்திரி என்பது 2018 வரை வழக்கமாய் இருந்தது. ஆகவே அக்கட்சியின் மண்டபத்தில் நிகழ்ந்தது அவர்களுடைய வீட்டு விவகாரம் மட்டுமன்று. ரப்பர் மரத்தடியில் நின்ற நம் தாய்மாரின் வாழ்வையும் தொட்ட விவகாரமாகும்.

1987-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ந் தேதியை நோக்குங்கள். தலைவர் பதவிக்கு டாக்டர் மகாதீரும் தெங்கு ரசாலியும் நின்றனர். மகாதீர் பெற்ற ஓட்டு 761. ரசாலி பெற்றது 718. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டின் தலைமையை 1,479 பேர் தீர்மானித்தனர். அவர்களுள்ளும் 43 ஓட்டே வித்தியாசம். துணைத்தலைவர் பதவிக்கு நின்றவர்கள் கபார் பாபாவும் ஜொகூர்க்காரரான மூசா ஹீத்தாமும். 1981-லும் 1984-லும் இதே பதவிக்கு மூசாவும் ரசாலியும் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டவர்கள். 1987-இலோ ஒரே அணியில் நின்றனர். நேற்று அவரை வெறுத்து இவரை விரும்பிய பிரதிநிதி, இன்று இருவரையும் சேர்த்து ஏற்க வேண்டும். இல்லையேல் எதிரணியை ஏற்க வேண்டும். கபார் 739, மூசா 699 என்று முடிவு வந்தது. வித்தியாசம் 40.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைவர் பதவிக்கு எண்ணப்பட்ட ஓட்டுகள் 1,479. அதே மண்டபத்தில் அன்றே துணைத்தலைவர் பதவிக்கு எண்ணப்பட்டவை 1,438. குறைவது 41. அதாவது, வென்றவரையும் தோற்றவரையும் பிரித்த தொகையைக் காட்டிலும், எவருக்கும் போய்ச் சேராத ஓட்டுகளின் தொகை ஒன்று அதிகம்! அந்த 41 ஓட்டுகளில் தவறாகக் குறிக்கப்பட்டவை எத்தனை, மனம் கசந்து விடப்பட்டவை எத்தனை என்பதை ஓட்டுச் சீட்டு சொல்லாது. ஒன்று மட்டும் உறுதி. "நாம் ஒருவர் போடாவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்னும் வாதம் அன்று அந்த மண்டபத்தில் பொய்யாயிற்று.

இதை நாம் ஏட்டில் கண்டு மட்டும் கூறவில்லை. நம் சொந்தத் தவற்றிலும் கண்டோம். பல ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் ஒரு தோட்டத்துக் கோயிற் கமிட்டிக்குத் தலைவர் தேர்தல் வந்தது. நாம் எதிர்பார்த்த பெரியவர் உடல்நலம் குன்றி விலகிக்கொண்டார். எஞ்சியவர் இருவர். ஒருவர் கடுஞ்சொல்லர்; கூட்டத்தில் எவரையும் எடுத்தெறிந்து பேசுவார்; ஆனால் அவர் கையாண்ட பணத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ரசீதுடன் கணக்குக் காட்டியவர். மற்றவர் இன்சொல்லர், எவர் வீட்டு நன்மை தீமைக்கும் முதலில் வந்து நிற்பவர், கணக்கு மட்டும் "அடுத்த கூட்டத்தில்" என்பார். முன்னவரின் நாக்கையும் பின்னவரின் போக்கையும் ஒருங்கே வெறுத்து, நாமும் நண்பர் ஐவரும் எவருக்கும் கை தூக்காது இருந்தோம். இன்சொல்லர் மூன்று கைகள் மிகுதியாகப் பெற்று வென்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கோயிற் பணத்திலிருந்து தரப்பட்டுவந்த சிறு தொகை அவ்வாண்டே நின்றது. கேட்டபோது, "பணம் இல்லை" என்றார். எங்கே போயிற்று என்று கேட்க நமக்கு வாய் எழவில்லை. கை தூக்காத அறுவர் எந்த முகத்தோடு கேட்பது? நம் கைகள் அன்று தூய்மையாகத்தான் இருந்தன. ஆனால் அத்தூய்மைக்கு விலை கொடுத்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள்.

எனினும் எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். "இரண்டு தீமைகளில் சிறியதைத் தேர்ந்தாலும் அதுவும் தீமையே, அதற்கு ஏன் நம் ஒப்பம்?" என்று கேட்பவர் அற்பர் அல்லர். மனச்சாட்சி உள்ளவர்தாம் அவ்வாறு கேட்பர். எஞ்சிய இருவருமே ஒரே கொடுமையைச் செய்ய உறுதி பூண்டவராயின், ஒதுங்குவது நியாயம் என்போம். அங்கே தேர்தல் என்பது பெயரளவே. ஆயின் அத்தகைய நிலை அரிது. பெரும்பாலும் இருவருக்கும் இடையே வேற்றுமை உண்டு. அதைக் காண நமக்குப் பொறுமை இல்லை, அவ்வளவே. மேலும், ஒதுங்குபவர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். "நாம் ஒதுங்குவது உண்மையின் பொருட்டா, அல்லது நாளைக்கு எவரும் நம்மைக் குறை கூறாதிருக்கும் பொருட்டா?" முன்னதாயின் அது விரதம், பின்னதாயின் அது தப்பித்தல். விரதத்தில் துன்பம் விரதம் பூண்டவருக்கே. தப்பித்தலில் துன்பம் பிறருக்கு.

சரி, தேர்ந்தே ஆகவேண்டும் என்று கொள்வோம். அளவுகோல் யாது? நம்மவரிடம் ஆயத்தமாக உள்ள அளவுகோல், "நம்ம ஆள்" என்பதே. நம் சாதி, நம் ஊர், நம் இனம் என்று அது பல அளவில் கிடைக்கும். அதைச் சற்றே சோதித்துப் பார்ப்போம். கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாயார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். பாட்டனார் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தார். 2020-லும் 2024-லும் அவ்வூரார் அவருக்காகப் பூசை செய்தனர். உறவின் அன்பு அது, அதில் குற்றமில்லை. ஆனால் அதே 2024-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் பூர்வாங்கப் போட்டியில், பாலக்காட்டைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ் பேசும் குடும்பத்து விவேக் ராமசாமியும் நின்றார். இருவர் கொள்கையும் வடதுருவமும் தென்துருவமும் போன்றவை. ரத்தம்தான் அளவுகோல் என்றால் இவ்விருவருள் எவரைத் தேர்வது? அளவுகோல் அங்கேயே முறிந்து போகின்றதன்றோ?

கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி நடந்த அதிபர் தேர்தலில், தகுதி பெற்று எஞ்சியவர் மூவர். இருவர் சீனர், ஒருவர் தமிழ் மரபினரான தர்மன் சண்முகரத்தினம். மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீனராக உள்ள அத்தீவில் தர்மன் 70.4 விழுக்காடு ஓட்டுப் பெற்றார். அச்செய்தி கேட்டு இக்கரையில் இனிப்பு வழங்கிய நம்மவருக்கு ஒரு வார்த்தை. அவர்கள் "நம்ம ஆள்" என்னும் அளவுகோலைக் கையிலெடுத்திருப்பின் நமக்கு இனிப்புத் தின்ன வாய்ப்பே வந்திராது. பிறர் அக்கோலை எறிந்ததைக் கொண்டாடிவிட்டு, நம் கிளைக் கூட்டத்தில் மட்டும் "அபேட்சகர் என்ன சாதி?" என்று காதோடு காதாகக் கேட்பது என்ன நியாயம்?

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். குற்றமற்றவனைத் தேடிக்கொண்டே இரு என்று அவர் சொல்லவில்லை. நன்கு கற்றவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் ஏதேனும் குறை இருக்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்கின்றார். நலத்தையும் பிழையையும் எதிரெதிர்த் தட்டுகளில் இட்டு, எது கனமோ அதைக் கொண்டு முடிவு செய்க என்பதே அவர் கருத்து. எஞ்சியோரைப் பற்றிய அறநூல் இதனினும் வேறு வேண்டுமோ?

தட்டில் இடவேண்டியவை யாவை என்று கேட்டால், நாம் மூன்றைக் கூறுவோம். முதலாவது, அவர் இதுவரை வகித்த பொறுப்புக்குக் கணக்குக் காட்டினாரா என்பது. இரண்டாவது, அவர் பதவியால் கடைசி மனிதனுக்கு என்ன கிடைக்கும் என்பது. 1955-இல் மலாயன் இந்தியன் காங்கிரசின் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பணமே தோட்டங்களை வாங்கிற்று. அவரிடம் குறை காண்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருப்பர். ஆயினும் ஒரு தலைமையின் பயனைப் பால்வெட்டுக்காரர் தம் கைப்பணத்தால் எண்ணிப் பார்க்க முடிந்தது. மேடைப் பேச்சை அவ்வாறு எண்ண முடியாது.

மூன்றாவது, அவரை மாற்ற நினைத்தால் மாற்ற முடியுமா என்பது. இன்று தேர்பவர் நாளை எத்தனை காலம் இருப்பார் என்பதை எவரும் அறியார். 1977-இல் ம.இ.கா. துணைத்தலைவர் பதவிக்கு ச. சாமிவேலுவும் எஸ். சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். சாமிவேலு 26 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 1979 அக்டோபரில் தலைவர் மாணிக்கவாசகம் திடீரென மறைய, துணைத்தலைவரே தலைமையை ஏற்றார். அத்தலைமை 2010 டிசம்பர் வரை நீடித்தது. அக்காலத்தின் நன்மை தீமைகளை நிறுப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அன்று ஓட்டுப் போட்டவர்கள் ஒரு துணைப் பதவியை நிரப்புவதாக எண்ணினர். உண்மையில் முப்பத்தோர் ஆண்டுகளைத் தீர்மானித்தனர். சிறு பதவி என்று அலட்சியமாகக் கை தூக்குவோர் இதை நினைவிற் கொள்வாராக.

இனி, நம் பெருமூச்சுக்கு வருவோம். "நல்லவர் எவரும் நிற்கவில்லையே" என்கின்றோம். எஞ்சி நிற்போர் வானத்திலிருந்து விழுந்தவரா? அவர்களை எஞ்ச வைத்தவர் யார்? பெயர் முன்மொழியும் கிளைக் கூட்டத்தன்று நாம் எங்கே இருந்தோம்? சல்லடை அங்கேதான் பிடிக்கப்படுகின்றது. அதைப் பிறர் கையில் விட்டுவிட்டு, இறுதியில் தங்கியது கல்லா மணியா என்று புலம்புவதிற் பயனில்லை. கிளைகள் கெட்டால் என்னாகும் என்பதற்குச் சரித்திரமே சான்று. மேற்சொன்ன 1987 தேர்தலில் தோற்ற அணியைச் சேர்ந்த சிலர் நீதிமன்றம் சென்றனர். முறையாகப் பதிவு பெறாத 30 கிளைகள் இருந்தமையைக் காட்டி, 1988 பிப்ரவரி 4-ந் தேதி அக்கட்சியையே சட்டவிரோதமான சங்கம் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ம.இ.காவிலும் 2013-இல் நடந்த தேர்தல் செல்லாது என்று சங்கப் பதிவிலாகா 2014 டிசம்பரில் கூறிற்று. அக்குழப்பத்தின் பின் 2015-இல் தலைமை, நம் ஜொகூரின் சிகாமட் தொகுதி உறுப்பினர் டாக்டர் எஸ். சுப்பிரமணியத்திடம் வந்தது. உச்சியில் தோன்றிய பூசலின் வேர் அடியில் இருந்தது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். குடத்துக்குள் எவர் பெயரும் நுழைந்துவிட முடியாது. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் கூடாது. எழுபதைக் கடந்தவர் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. ஆனால் பழம்பெருமை பேசி மயங்கவேண்டா. அதே விதிகள் வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்றன. அது பிராமணர் ஊரின் சபை. உழுதவன் பெயர் அக்குடத்தில் விழவில்லை. பெண்ணின் பெயரும் விழவில்லை. ஆகவே கொள்ள வேண்டியதைக் கொள்வோம்; தள்ள வேண்டியதைத் தள்ளுவோம். கணக்குக் காட்டாதவனை வாசலிலேயே தடுத்தது கொள்ளத் தக்கது. பிறப்பையும் சொத்தையும் காட்டி மனிதரைத் தடுத்தது தள்ளத் தக்கது. அன்று தடுக்கப்பட்டவரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இன்று ஓட்டு உண்டு. அதைப் பயன்படுத்தாது வீட்டில் இருப்பது, பழைய தடையை நம் கையாலேயே மீண்டும் போட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

2022-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ந் தேதி ஜொகூர் சட்டமன்றத்தின் 56 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. இம்மாநிலத்தில் பதினெட்டு வயதினரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அது. பட்டியலில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஓட்டுப் போட்டவர் நூற்றுக்கு 55-ஐயும் எட்டவில்லை. தொற்றுநோய்க் காலத்துத் தடைகளால் சிங்கப்பூரிலிருந்து வர இயலாதவர் பலர். அவர்களைக் குறை கூறோம். ஆனால் குளுவாங்கிலும் கூலாயிலும் வீட்டு வாசலில் அமர்ந்தபடியே "எவர் வந்தால் என்ன?" என்றவர்களையும் நாம் அறிவோம். எவர் வந்தால் என்ன என்று சொல்லக் கூடியவர் எவர் வந்தாலும் வாழக் கூடியவரே. தோட்டம் விற்கப்பட்டால் வீடும் போகும் என்னும் நிலையில் உள்ளவருக்கு, எவர் வருகின்றார் என்பது பெரிய செய்தி. அவர் பொருட்டாவது நாம் எழுந்து போகவேண்டாமா?

எஞ்சியோரில் ஒருவரைத் தேர்வது அவருக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பதன்று. அவரைக் குலதெய்வமாக்கிக் கொள்வதுமன்று. "உம்மிடம் இன்ன குறை உண்டு என்பதை அறிந்தே இப்பொறுப்பைத் தருகின்றோம், ஆண்டு முடிவில் கணக்கோடு வாரும்" என்று சொல்வதே ஆகும். குறையறிந்து தேர்ந்தவன் ஏமாறான். ஏமாறாதவன் கேள்வி கேட்பான். கேள்வி கேட்பவர் உள்ள இடத்தில் சாதாரண மனிதனும் நல்ல தலைவனாக நடந்துகொள்ள நேரும்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை "நல்லவர் எவரும் நிற்கவில்லையே" என்று சொல்ல வாய் எழும்போது, சென்ற கிளைக் கூட்டத்துக்குப் போனோமா என்று முதலிற் கேட்டுக்கொள்ளுங்கள். போகவில்லையெனின் அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று நேரத்தோடு போய், முன்வரிசையில் அமர்ந்து, கணக்கு வாசிக்கச் சொல்லுங்கள்.